எங்கள் நாய் கருப்பிக்கு மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்புறுதி): எதைப் பார்த்து எடுப்பது?

செம்பனைக்காட்டுக்காரி

எல்லோருக்கும் வணக்கம். மலேசியாவில் ஈப்போ பக்கம் இருக்கும் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். டவுன் இல்லை, டவுனைத் தாண்டி உள்ளே போகும் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டம். அப்பா முப்பது வருடம் பழம் வெட்டியவர். இப்போது முதுகு ஒத்துழைக்காமல் வீட்டோடு இருக்கிறார். துணைக்குக் கருப்பி. கம்பத்து (நாட்டு) நாய்தான், ஆனால் காது இரண்டும் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தால் வம்சத்தில் எங்கோ ஓர் அல்சேஷன் புகுந்திருக்கிறது. பெண். மூன்று, நான்கு வயது இருக்கலாம். கருத்தடை செய்யவில்லை.

போன வருடம் நான்கு நாள் சோறு தின்னாமல் கிடந்தாள். ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வந்த பிறகுதான் பயந்துபோய் ஈப்போவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உண்ணிக் காய்ச்சல். மூன்று நாள் தங்க வைத்து, டிரிப் ஏற்றி, ஒரு மாதத்து மாத்திரையோடு அனுப்பினார்கள். பில் 740 வெள்ளி (ரிங்கிட்). அப்பா மைலோ டின்னில் சேர்த்து வைத்திருந்த காசு அன்றைக்கே காலி.

அதிலிருந்து கோலாலம்பூரில் இருக்கும் தங்கச்சி ஒரே பிடிவாதமாக இருக்கிறாள். மாதம் 50 வெள்ளி வரை அவளே கட்டுவாளாம், நல்ல காப்புறுதியாகப் பார்த்து எடுக்க வேண்டுமாம். மூன்று திட்டங்களின் விளக்கத்தாளை அனுப்பினாள். மூன்றிலும் புல்தரையில் ஒரு கோல்டன் ரெட்ரீவர் சிரிக்கிறது. எங்கள் பக்கம் அந்த மாதிரிப் புல்லும் இல்லை, நாயும் இல்லை.

அப்பா சொன்னது இது: "எனக்கே மெடிக்கல் கார்டு கிடையாது. இதுக்கு எதுக்கு?"

யாராவது நாய்க்கு எடுத்திருக்கிறீர்களா? எதைப் பார்த்து முடிவு செய்வது?

லயத்துப் பையன்

அப்பா கேட்டது நியாயமான கேள்வி அக்கா. முதலில் அவருக்கு ஒன்று எடுங்கள், கருப்பியை வாரிசாகப் போடுங்கள்.

விளையாட்டுக்குச் சொன்னேன். எங்கள் தாத்தா காலத்தில் நாய்க்கு வேப்பெண்ணெயும் மஞ்சளும்தான் மருந்து. தேறினால் தேறும், இல்லாவிட்டால் ரப்பர் மரத்தடியில் ஒரு குழி. இப்போது அப்படி விட மனசு வருவதில்லை, அதுதான் செலவு.

பழைய கிராணி

காப்புறுதி வேண்டாம் என்பது என் கருத்து. கணக்கு எழுதியே காலம் தள்ளியவன், கணக்காகவே சொல்கிறேன். மாதம் 50 வெள்ளி என்றால் வருடத்துக்கு 600. மூன்று வருடத்தில் 1,800. அதை நாய் பெயரில் தனியாகப் போட்டு வையுங்கள். வியாதி வந்தால் எடுக்கலாம், வராவிட்டால் காசு உங்களுடையது. காப்புறுதியில் போட்ட காசு, நாய்க்கு ஒன்றும் வராமல் போனால் திரும்பி வராது.

நான் ஐந்து நாய் வளர்த்தவன். ஒன்றுக்குக்கூடப் பெரிய செலவு வந்ததில்லை.

ஊசிக்கை

கிராணி ஐயா, ஐந்தில் எத்தனை நாய் பத்து வயதைத் தாண்டின?

பழைய கிராணி

ஒன்று.

ஊசிக்கை

அதுதான் ஐயா. மருத்துவரிடம் போகாத நாய்க்குச் செலவு வராதுதான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். பிராணி கிளினிக்கில் ஆறு வருடம் உதவியாளராக இருந்தவள் நான். தோட்டத்து நாய்கள் எங்களிடம் வரும்போது பாதி உயிர்தான் இருக்கும். டவுன் நாய் சாக்லேட் தின்றுவிட்டு, சோபாவிலிருந்து குதித்துக் காலை மடக்கிக்கொண்டு வரும். தோட்டத்து நாய்க்கு வருவதே வேறு.

முதலாவது, அக்காவே அனுபவித்த உண்ணிக் காய்ச்சல். அந்த உண்ணி நாய் மேல் மட்டும் இருப்பதில்லை. லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) சுவர் வெடிப்பில், கதவுச் சந்தில், பலகைக்கு அடியில் முட்டையிடும். நாயைக் குளிப்பாட்டிவிட்டு வீட்டை விட்டுவிட்டால் அடுத்த மாதமே திரும்பி வந்துவிடும்.

இரண்டாவது எலி. செம்பனை இருக்கும் இடத்தில் எலி இல்லாமல் இருக்காது. எலி மூத்திரம் கலந்த வாய்க்கால் தண்ணீரைக் குடித்தால் லெப்டோஸ்பைரோசிஸ், கல்லீரலும் சிறுநீரகமும் போய்விடும். அதற்குத் தடுப்பூசி உண்டு, ஆனால் வருடா வருடம் போட வேண்டும். எலிக்கு வைக்கும் மருந்து இன்னொரு தொல்லை. நாய் அந்தக் கட்டியைத் தின்ற அன்று ஒன்றும் தெரியாது, வாலாட்டிக்கொண்டு திரியும். மூன்று, நான்கு நாள் கழித்துத்தான் உடம்புக்குள்ளே ரத்தம் கசியும். ஒரு தடவை ஒருவர் மோட்டார் கூடையில் நாயை வைத்து ஓட்டிக்கொண்டு வந்தார். ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து அழுத்துகிறேன், அழுத்துகிறேன், ரத்தம் நிற்கவே இல்லை. பஞ்சு மாற்றி மாற்றி என் கைதான் மரத்துப்போனது. வைட்டமின் கே1 கொடுத்தோம், வாரக்கணக்கில் கொடுக்க வேண்டிய மருந்து. பிழைத்துக்கொண்டது. மருந்து தின்ற எலியைப் பிடித்துத் தின்ற நாய்க்கும் இதே ஆபத்து உண்டு.

மூன்றாவது காட்டுப்பன்றி. கொம்பு கிழித்த வயிற்றைத் தைத்துப் பார்த்திருக்கிறேன், விவரம் வேண்டாம், சாப்பிடுகிற நேரமாக இருக்கும்.

நான்காவது பாம்பு. கருநாகம் விஷத்தைக் கண்ணில் துப்பும். பால் ஊற்றாதீர்கள், மூலிகையும் வேண்டாம். நல்ல தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

ஐந்தாவது கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு வரும் கர்ப்பப்பைச் சீழ். இணைசேரும் பருவம் முடிந்து சில வாரம் கழித்து வரும். நிறையத் தண்ணீர் குடிக்கும், சோர்ந்து படுக்கும், சில நாய்க்குப் பின்னால் ஒழுகும், சில நாய்க்கு அதுவும் தெரியாது. அறுவைதான் வழி. அக்கா, கருப்பிக்கு இது எந்த நேரமும் வரலாம்.

ரோட்டாக்ஸ் ராஜா

ஊசிக்கை தங்கச்சி பாதி வேலையை முடித்துவிட்டார். நான் காடி (கார்) காப்புறுதி முகவர், நாய்க் காப்புறுதி விற்பதில்லை, அதனால் நம்பலாம்.

அந்த மூன்று விளக்கத்தாளையும் மேசையில் வைத்து எது மலிவு, எது பெரிய தொகை என்று பார்க்காதீர்கள். ஊசிக்கை சொன்ன ஐந்து ஆபத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு திட்டத்திலும் 'எதற்குக் கிடையாது' என்ற பகுதியைத் திறந்து, அந்த ஐந்தும் அங்கே இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரு திட்டம் வருடத்துக்குப் பத்தாயிரம் தருகிறேன் என்று சொல்லிவிட்டு உண்ணிக் காய்ச்சலை வெளியே தள்ளியிருந்தால், அது கருப்பிக்கு எழுதிய திட்டம் இல்லை, அந்தக் கோல்டன் ரெட்ரீவருக்கு எழுதியது.

அப்புறம் நான்கு விஷயம் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள்.

எங்கள் காடி காப்புறுதியில் எக்செஸ் என்று ஒன்று உண்டு இல்லையா, முதல் அடி நம்முடையது. நாய்க்கும் அப்படித்தான். ஓர் உதாரணம்: பில் 2,000 வெள்ளி. முதல் 200 உங்களுடையது. மீதி 1,800இல் 20 விழுக்காடு நீங்கள் பங்கு போட வேண்டும் என்றால் அது 360. கம்பெனி தருவது 1,440, உங்கள் கையிலிருந்து போவது 560. இதற்கு மேல் 'ஒரு சம்பவத்துக்கு 1,000 வெள்ளிதான்' என்று வரம்பு இருந்தால் 1,440 கிடையாது, ஆயிரத்தோடு சரி. வருட வரம்பைப் பெரிய எழுத்திலும் சம்பவ வரம்பைச் சின்ன எழுத்திலும் போடுவார்கள்.

காத்திருப்புக் காலம். இன்று எடுத்து நாளை கிளைம் செய்ய முடியாது. விபத்துக்குக் குறைவாக இருக்கும், வியாதிக்கு வாரக்கணக்கு, சில வியாதிகளுக்கு மாதக்கணக்கு.

நாயின் வேலை. இது தோட்டக்காரர்கள் கவனிக்க வேண்டியது. காவல் நாய், வேட்டை நாய் என்றால் பல திட்டங்களில் விலக்கு. கருப்பி திண்ணையில் படுத்துக்கொண்டு குரைப்பது வேறு, மண்டோர் (மேற்பார்வையாளர்) கூடப் பன்றி விரட்டப் போவது வேறு. இரண்டாவதைச் செய்தால் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, கருப்பி யாரையாவது கடித்துவிட்டால்? மூன்றாம் தரப்புப் பாதுகாப்பு உண்டா என்று பாருங்கள். தபால்காரர் உள்ளே வரும் வீடு என்றால் எனக்கு இதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

பழைய கிராணி

ஐந்து நாய் பற்றி ஊசிக்கை கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. அதில் ஒன்று மூன்று நாள் மூக்கில் ரத்தம் வடித்துத்தான் போனது. சூடு அதிகம் என்று நினைத்து இளநீர் கொடுத்தேன்.

ஆனால் என் கணக்கு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் சொன்னதிலேயே 560 நம் கையிலிருந்துதானே போகிறது?

எலி பற்றி ஒன்று. எங்கள் தோட்டத்தில் மருந்தைக் குறைத்துவிட்டு ஆந்தைப் பெட்டி வைத்தார்கள், மரங்களுக்கு நடுவே கம்பத்தின் மேலே. ராத்திரியில் வெள்ளை மூஞ்சி ஆந்தை வந்து உட்கார்ந்தால் பார்க்கவே பயமாக இருக்கும், ஆனால் எலி குறைந்தது நிஜம். உங்கள் நிர்வாகம் மருந்து வைக்கிறதா, ஆந்தை வைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

மோப்பம்

நான் எடுத்தேன், ஏமாந்தேன். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். என் நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது, கிளைம் அனுப்பினேன். தள்ளிவிட்டார்கள். ஏன் என்றால் காப்புறுதி எடுப்பதற்கு முந்தின வருடம் இதே நாய்க்கு இதே காய்ச்சலுக்கு மருந்து வாங்கியதாக கிளினிக் பதிவில் இருக்கிறதாம். அது வேறு காய்ச்சல், இது வேறு காய்ச்சல் என்று எவ்வளவோ சொன்னேன். 'முன்பே இருந்த நோய்' என்ற மூன்று சொல்லில் கதையை முடித்துவிட்டார்கள். எல்லாம் கொள்ளை.

செம்பனைக்காட்டுக்காரி

ஐயோ, அப்படியென்றால் எங்களுக்கும் இதுதானே நடக்கும்? போன வருட 740 வெள்ளி பில்லில் காய்ச்சல் பெயர் தெளிவாக இருக்கிறது. படிவத்திலும் 'கடந்த காலத்தில் ஏதாவது சிகிச்சை பெற்றதா' என்று ஒரு கேள்வி இருக்கிறது. தங்கச்சி, 'இல்லை' என்று போட்டுவிடு, வேறு கிளினிக்குக்குப் போகலாம் என்கிறாள்.

ரோட்டாக்ஸ் ராஜா

தயவு செய்து அப்படிச் செய்யாதீர்கள். 2013 நிதிச் சேவைச் சட்டப்படி, கேட்ட கேள்விக்குத் தவறான பதில் தராமல் கவனமாக இருப்பது எடுப்பவர் கடமை. நாளைக்கு வயிற்று அறுவைக்குக் கிளைம் போட்டாலும் பழைய பதிவைக் கேட்பார்கள். அப்போது பொய் வெளியே வந்தால், அந்த ஒரு கிளைமோடு போகாது, காப்புறுதியே ஆட்டம் கண்டுவிடும். 'ஆம், போன வருடம், இத்தனை நாள் சிகிச்சை, குணமானது' என்று எழுதுங்கள். உண்ணிக் காய்ச்சலை மட்டும் விலக்கிவிட்டு மற்றதற்குத் தருவார்களா என்று கேளுங்கள்.

மோப்பம் அண்ணே, உங்கள் வலி புரிகிறது. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கலாம், மேல் முறையீடும் செய்யலாம். பேங்க் நெகாரா (மத்திய வங்கி) உரிமம் உள்ள கம்பெனியா என்று எடுப்பதற்கு முன்னாலேயே அவர்கள் பட்டியலில் பார்த்துக்கொள்வதும் நல்லது. செயலியில் அழகாக இருப்பவர் விற்பனையாளராக இருக்கலாம், பின்னால் காசு தருபவர் வேறு கம்பெனியாக இருக்கலாம். அந்தப் பெயரைத் தேடுங்கள்.

ஊசிக்கை

மருத்துவப் பக்கம் ஒன்று சொல்கிறேன். உண்ணிக் காய்ச்சலைத் தரும் எர்லிக்கியா கிருமி சில நாய்களில் முழுதாகப் போகாமல் உள்ளேயே பதுங்கியிருக்கும், மாதங்கள், சிலதில் வருடங்கள்கூட. வெளியே பார்த்தால் நன்றாக ஓடி விளையாடும். அதனால் கம்பெனிக்காரன் 'பழையதுதான்' என்று சொல்ல அவனுக்கு ஒரு பிடி கிடைத்துவிடுகிறது. மோப்பம் அண்ணன் கிளைம் போனது அப்படித்தான் இருக்கும். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் காரணம் அதுதான்.

அதனால் அக்கா, உண்ணிக்குக் காப்புறுதியை நம்பாதீர்கள். மாதத்துக்கு ஒரு தடவையோ மூன்று மாதத்துக்கு ஒரு தடவையோ கொடுக்கும் மாத்திரை இருக்கிறது. தங்கச்சி தரும் 50 வெள்ளியில் ஒரு பங்கு அதற்குப் போகட்டும். கொசுவால் வரும் இதயப் புழுவுக்கும் தடுப்பு மருந்து கேளுங்கள், முதலில் ரத்தம் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள்.

தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வையுங்கள். தடுப்பூசி போட்டிருந்தால் வராத வியாதிக்கு, போடாத நாய் என்றால் பெரும்பாலும் காசு தர மாட்டார்கள். வெறிநாய்க் கடி ஊசியையும் மருத்துவரிடம் கேளுங்கள். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வந்தது ஞாபகம் இருக்கும், சரவாக்கில் 2017இல் தொடங்கியது.

கருத்தடைச் செலவைக் காப்புறுதி பெரும்பாலும் தராது. ஆனால் அதைச் செய்துவிட்டால் ஐந்தாவது ஆபத்து உங்கள் தாளிலிருந்தே அழிந்துவிடும்.

லயத்துப் பையன்

ஒரு சந்தேகம். மனிதர் மெடிக்கல் கார்டில் ஆஸ்பத்திரியில் அட்டையைக் காட்டினால் கம்பெனி ஜி.எல். (உத்தரவாதக் கடிதம்) அனுப்பிவிடும், நாம் பணம் கட்ட வேண்டியதில்லை. நாய்க்கும் அப்படியா?

ரோட்டாக்ஸ் ராஜா

நல்ல கேள்வி, நான் சொல்ல மறந்துவிட்டேன். பெரும்பாலும் அப்படி இல்லை தம்பி. முதலில் நீங்கள் முழுப் பணத்தையும் கட்ட வேண்டும். ரசீது, மருத்துவர் அறிக்கை, நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சிப்பின் எண் எல்லாம் அனுப்பிய பிறகு கணக்கில் வந்து சேரும். ராத்திரி பதினொரு மணிக்கு ஈப்போவில் முன்பணம் கேட்கும்போது காப்புறுதி உங்கள் பக்கத்தில் நிற்காது.

பிரீமியத்தோடு 8 விழுக்காடு சேவை வரி, 10 வெள்ளி முத்திரைத் தீர்வை உண்டா என்றும் கேளுங்கள். காடிக்குக் கட்டுகிறீர்களே, அதே கதைதான். பிப்ரவரி 2024 வரை 6 விழுக்காடாக இருந்தது.

பழைய கிராணி

அப்படியானால் மைலோ டின் எப்படியும் வேண்டும் என்று ஆகிறது! இதைத்தானே முதலிலேயே சொன்னேன்.

ரோட்டாக்ஸ் ராஜா

ஒத்துக்கொள்கிறேன் ஐயா. ஆனால் டின்னில் 1,800 சேர மூன்று வருடம் ஆகும், பன்றி அதுவரை காத்திருக்காது. டின் அந்த ராத்திரிக்கு, காப்புறுதி டின்னை மறுபடி நிரப்ப.

பழைய கிராணி

சரி. இதை ஏற்றுக்கொள்கிறேன். உண்ணிக்கு மாத்திரை, சின்னச் செலவுக்கு டின், வயிற்றைக் கிழித்தால் மட்டும் காப்புறுதி.

செம்பனைக்காட்டுக்காரி

இரண்டு வாரம் காணாமல் போய்விட்டேன், மன்னிக்கவும். நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ஐந்தையும் தாளில் எழுதி மூன்று திட்டத்தோடும் ஒப்பிட்டோம். முதலாவது மலிவு, ஆனால் விபத்து மட்டும்தான். பாம்பும் பன்றியும் அதில் வருகிறது, விஷம் தின்றால் வராது என்று எழுதியிருந்தது. எலி மருந்துக்கு அது உதவாது. இரண்டாவதில் வருட வரம்பு பெரியது, சம்பவ வரம்பைத் தேடிக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆனது. மூன்றாவது நடுத்தரம். வியாதி, விபத்து, விஷம் மூன்றும் உண்டு, நம் பங்கு 20 விழுக்காடு, மூன்றாம் தரப்பும் உண்டு. அவர்களுக்கு எழுதிக் கேட்டேன். உண்ணிக் காய்ச்சலை நிரந்தரமாக விலக்குவார்களாம், மற்றதற்குச் சரியாம். வீட்டு நாய் குரைத்தால் அது காவல் நாய் ஆகாதாம். பன்றி விரட்டப் போனால் விலக்கு. அப்பாவிடம் சொன்னேன். "அவ எங்க விரட்டுறா, பன்றியைப் பார்த்தா என் காலுக்குள்ள வந்து ஒளிஞ்சுக்குவா" என்றார். அதுவரை அவள் வீரத்தைப் பற்றி எங்களுக்குச் சொன்ன கதையெல்லாம் என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை.

மூன்றாவதையே எடுப்பதாக முடிவு. மீதிக் காசில் உண்ணி மாத்திரை. மைலோ டின்னும் திரும்ப அலமாரிக்கு வந்துவிட்டது, தங்கச்சி முதலில் 100 வெள்ளி போட்டிருக்கிறாள்.

சனிக்கிழமை சிப் வைத்தார்கள். அரிசியை விடக் கொஞ்சம் பெரியது, தோள்பட்டைக்கு நடுவில் ஊசியால் ஒரே குத்து. கருப்பி கத்தவில்லை, அப்பாதான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கருவியை மேலே காட்டினால் பதினைந்து இலக்க எண் வருகிறது. நாய் லைசன்ஸ் வில்லையையும் கழுத்தில் மாட்டிவிட்டோம். கருத்தடைக்கு அடுத்த மாதம் நாள் வாங்கியிருக்கிறோம்.

படிவம் நிரப்பும்போது ஒரு கட்டத்தில் மாட்டிக்கொண்டோம். பிறந்த தேதி. மருத்துவர் பல்லைப் பார்த்து நான்கு வயது இருக்கலாம் என்றார். வயதுக்கு ஏற்ற மாதிரி பிரீமியம் மாறுமாம், அதனால் சும்மா ஒன்றைப் போடவும் பயம். இனம் என்ற இடத்தில் கலப்பு என்று போட்டுவிட்டு, தேதியைக் காலியாக விட்டு, தங்கச்சிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்று இருந்தேன்.

அப்பா கிளினிக் பெஞ்சில் நாயைக் காலுக்கிடையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "மாட்டுப் பொங்கலுக்கு" என்றார். என்ன மாட்டுப் பொங்கல் என்று கேட்டேன். கருப்பியின் தாய் ஆயா கொட்டகைக்கு (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) பின்னால் குட்டி போட்ட அன்று மாட்டுப் பொங்கல், பொங்கல் சோற்றில் கொஞ்சம் தாய் நாய்க்குக் கொண்டுபோய் வைத்தாராம், மூன்று நாள் கழித்துத் தைப்பூசத்துக்குப் போகும்போது எல்லாக் குட்டிக்கும் கண் மூடியே இருந்ததாம். கோவிட் அடங்கி வந்த அந்த வருடமா என்றேன். தலையாட்டினார்.

போனில் பழைய காலண்டரைத் தேடினேன். 15.01.2022. அதையே எழுதினேன்.